வேலியோரத்தில் நின்ற கல்வி

1945ஆம் ஆண்டில் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி இந்நாட்டிற்கு வந்தது. கண்டி நகரத்துப் பாடசாலைகளுக்குள் புகுந்த அப்பெரும்பேறு, தெல்தோட்டையிலும் கலஹாவிலும் புசல்லாவையிலும் தோட்டத்து வேலியோரத்தில் நின்றுவிட்டது.

காரணம் யாது? தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் பொறுப்பை 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துரைமாரிடம் ஒப்படைத்திருந்தது. கொழுந்து பறிக்கும் கைகள் குறைவதை விரும்பாதவரிடமே அக்கைகளுக்கு ஏடு கொடுக்கும் பொறுப்பு! பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரசாவுரிமையும் பறிபோயிற்று. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் ஏற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்டத்துடனேயே விடப்பட்டன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அவை அரசின் கைக்கு வரத் தொடங்கின.

1954இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், இனத்தால் பிரித்து நடத்தும் பாடசாலைகள் சமமாகா எனத் தீர்த்தது. அனுமதியின்றிக் குடியேறியோரின் பிள்ளைகளுக்கும் பாடசாலைக் கதவை அடைத்தலாகாது என 1982இல் அதே மன்றம் டெக்சஸ் மாநிலத்துக்கு உரைத்தது. நம் மலையக மக்களோ களவாய் வந்தவரல்லர், அழைத்து வரப்பட்டவர், இன்று இந்நாட்டின் பிரசைகள்.

இன்று தோட்டத்துப் பிள்ளையை விலக்கும் சட்டம் எதுவுமில்லை, சுற்றுநிருபம் உண்டு. முதலாம் வகுப்புக்கு அயலில் வசிப்போரைத் தெரியும்போது காணி உறுதிக்குப் புள்ளி உண்டு. லயக் காம்பராவில் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தவனிடம் உறுதி ஏது? வீட்டுக்கு அண்மையில் வேறு பாடசாலை இருந்தால் புள்ளி குறையும். குறைகள் மலிந்த தோட்டப் பாடசாலையே அப்பிள்ளையின் வழியை மறிக்கும் சுவராகிறது!

பிரிவினையை நீக்குவதென்றால் தமிழ்மொழிக் கல்வியை இழக்க நேருமே என நம்மவர் சிலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் நியாயமானதே. நாம் கேட்பது மொழியை விட்டுக்கொடுத்துப் பெறும் சமத்துவமன்று. லயத்து வதிவிடத்திற்கு உறுதிக்கு நிகரான புள்ளி வழங்குக. தோட்டத்துப் பிள்ளை நாள்தோறும் சென்றுவரத்தக்க தூரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் உயர்தரம்வரை தமிழில் கற்பிக்கப்படுக. தோட்டப் பாடசாலைகளை மூடாது உயர்த்துக.

கல்வியில் எல்லோர்க்கும் சமவாய்ப்பு என்று அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை வாக்களிக்கிறது. அதனை எந்த நீதிமன்றிலும் கேட்க முடியாதென 29ஆம் உறுப்புரை கைவிரிக்கிறது. ஆதலின் மக்கள் மன்றமே நமக்குள்ள மன்றம். கண்டியிலுள்ள வழக்கறிஞரும் ஆசிரியரும் தோட்டங்களுக்குச் சென்று விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தல் வேண்டும். மறுக்கப்பட்டவற்றுக்கு மேன்முறையீடு எழுதுதல் வேண்டும். கடைமடைக்கு நீர் எட்டாத வாய்க்காலை முடிந்த வேலையென எந்தக் கமக்காரனும் ஒப்பமாட்டான். நாமும் ஒப்பலாகாது.