இணையதளச் செலவு முதல் பில்லோடு முடிவதில்லை

மென்பொருள் இலவசம் என்பதாலேயே இணையதளமும் மலிவாக முடியும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இணையதளம் கட்டும் மென்பொருள்களான வேர்ட்பிரஸ், துருபல் இரண்டுக்கும் உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் பராமரிப்புச் செலவு உண்டு.

துருபல் 7 இதற்கு நல்ல சான்று. 2011 ஜனவரியில் வந்த அந்தப் பதிப்பை நம்பிப் பல்கலைக்கழகங்களும் அரசுத் துறைகளும் தளங்களைக் கட்டின. 2015-இல் வந்த எட்டாம் பதிப்பு அடித்தளத்திலிருந்தே மாற்றி எழுதப்பட்டது. பழைய தளத்தை அப்படியே மேம்படுத்த வழியில்லை. உள்ளடக்கத்தைப் பெயர்த்துக் கொண்டுபோக வேண்டும். வடிவமைப்பையும் சொந்தமாக எழுதிய நிரல்களையும் மறுபடி எழுத வேண்டும். ஏறக்குறைய புதுத் தளம் கட்டும் செலவு. 2021 நவம்பரில் முடிய வேண்டிய ஏழாம் பதிப்புக்கான ஆதரவு பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2025 ஜனவரி 5 அன்றுதான் நின்றது. அதுவரை இடம்பெயராத தளங்கள் அவ்வளவு இருந்தன. (ஒன்பதாம் பதிப்பு முதல், மேம்படுத்தும்போது தளத்தை மறுபடி கட்ட வேண்டிய இந்தச் சிக்கல் பெருமளவு குறைந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

தளம் கட்ட உதவும் விக்ஸ் போன்ற சந்தாச் சேவைகளில் சர்வர், பாதுகாப்புக் கவலைகள் இல்லை. ஆனால் அங்கே கட்டிய தளத்தை அப்படியே எடுத்து வேறு சர்வரில் வைக்க முடியாது. நாலு பக்கக் கடைத் தளத்துக்கு இது ஒரு குறையே அல்ல. ஆயிரக்கணக்கான கட்டுரைகள் உள்ள இதழுக்கு வெளியேறும் நாளில் தலைவலி.

விலைப்புள்ளி கேட்பவர்கள் ஐந்தாண்டுப் பராமரிப்புச் செலவையும், தளத்தை வேறிடத்துக்கு மாற்ற ஆகும் செலவையும் சேர்த்தே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.