விடுமுறையிற் சிறுவர் வாசகர் கூட்டம்

ஆண்டுத் தேர்வு முடிந்து நம் கல்லூரி மாணவர் தத்தம் ஊர் திரும்புங்கால், அவ்வூர்ச் சிறுவருக்கும் பள்ளிக் கதவு அடைபட்டிருக்கும். மே மாதத்து வெயில் புதுக்கோட்டைச் சீமையிற் கொடிது. ஆலங்குடிப் பக்கத்தில் முந்திரி பொறுக்கச் செல்லும் சிறுவர் உளர். ஆடு மேய்ப்போர் உளர். ஊருணிக் கரையில் விளையாடுவோர் உளர். இவற்றுள் எதனையும் யாம் குறை கூறோம். விடுமுறை விளையாட்டிற்கும் உரியதே. ஆயினும், பல வாரங்கள் ஒரு புத்தகத்தையேனும் தொடாதிருந்த சிறுவன், ஜூன் மாதத்தில் மீண்டும் எழுத்துக்கூட்டித் தடுமாறுவதை ஆசிரியர் அறிவர். வீட்டிற் புத்தகமுள்ள சிறுவனுக்கு இவ்விழப்பு அத்துணை இல்லை. ஆகவே, எல்லார்க்கும் பொதுவென நாம் கருதும் விடுமுறை, ஏழைச் சிறுவனை மட்டும் பின்னுக்குத் தள்ளும் காலமாகிவிடுகின்றது.

இக்குறை நீங்க, விடுமுறையில் ஊர்தோறும் சிறுவர் வாசகர் கூட்டம் நடத்துதல் வேண்டுமென்பது புதிய யோசனையன்று. அதனை எவ்வாறு நடத்துவதென்பது பற்றியே எம் அபிப்பிராயத்தை வெளியிட விரும்புகின்றோம். அஃதாவது, அக்கூட்டத்திற் பரிசும் கூடாது, பரீட்சையும் கூடாது. புத்தகத்தைத் தெரிந்தெடுப்பவன் சிறுவனாகவே இருத்தல் வேண்டும்.

இதனை யாம் பட்டறிந்தே கூறுகின்றோம். திருமயம் வட்டத்துச் சிற்றூரொன்றில் ஒரு கோடையில் வேப்பமரத்தடியில் இத்தகைய கூட்டமொன்று தொடங்கினோம். ஊக்கமூட்டக் கருதி, மிகுதியான புத்தகங்கள் படிப்போர்க்குப் பரிசு என்று முதல் நாளே அறிவித்துவிட்டோம். அன்றுமுதல் சிறுவர் கை மெல்லிய புத்தகங்களையே நாடிற்று. ஒரு சிறுமி ஒரே நாளில் ஐந்து புத்தகங்கள் படித்ததாகப் பெயரெழுதினாள்; கதை யாதென வினவியபோது தலைகுனிந்து நின்றாள். குற்றம் அவளதன்று, எமதே. அதனினும் வருந்தத்தக்கது ஒன்று உண்டு. எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுவன் ஒருவன் மூன்றாம் நாள் முதல் வரவில்லை. எவன்பொருட்டுக் கூட்டம் தொடங்கினோமோ, அவனே முதலில் நின்றான்.

பரிசை நீக்கினோம். ஒருவர் உரக்கப் படிக்க ஏனையோர் கேட்பதென முறையை மாற்றி, அவன் வீட்டிற்குச் சென்று அழைத்தோம். வந்தான். அக்கோடை முடிவதற்குள் அவன் தங்குதடையின்றிப் படிக்கக் கற்றுவிட்டான் என்று யாம் பெருமை பேசோம். ஆனால் பின்னர் ஒரு நாளும் அவன் வராது நின்றதில்லை.

பரிசின்றிச் சிறுவர் வருவரோ என ஐயுறுவோர்க்கு, இம்மாவட்டத்துச் சரித்திரமே விடை கூறும். இங்கு 1991-ஆம் ஆண்டில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், ஊதியம் பெறாத தொண்டர்கள் இரவு வேளைகளில் எழுத்தறிவித்தனர். கல்லுடைக்கும் பெண்களும் கழனியிற் பாடுபடும் பெண்களும் பகலெல்லாம் உழைத்துக் களைத்த பின்னும் வந்தமர்ந்தனர். அதனோடு பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றனர். எவரும் அவர்கட்குப் பதக்கம் காட்டி அழைக்கவில்லை. தம் வாழ்விற்கு வேண்டியதைத் தாமே கண்டுகொண்டமையால் வந்தனர். அத்தாய்மாரின் பேரப்பிள்ளைகட்கு மட்டும் ஆசை காட்டினாலன்றிப் படிப்பு ஏறாது என்பது பொருந்துமோ?

இனி, தெரிந்தெடுக்கும் உரிமையைச் சிறுவர்க்கு அளித்தால் பயனற்றவற்றையே எடுப்பர் என்பாரும் உளர். அமெரிக்க நாட்டுப் புளோரிடா மாகாணத்தில், வறியவர் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளில் நடத்தப்பெற்ற ஆராய்ச்சியொன்று 2010-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தாமே விரும்பித் தெரிந்தெடுத்த புத்தகங்களைத் தொடர்ந்து 3 கோடைகளில் இலவசமாகப் பெற்ற பிள்ளைகள், பெறாதவரினும் வாசிப்பில் மேம்பட்டனர் என்பது அதன் முடிபு. பெட்டிக்குள் எவற்றை வைப்பதென்பது பெரியோர் பொறுப்பு. பெட்டியிலிருந்து எதனை எடுப்பதென்பது பிள்ளையின் உரிமை. இவ்விரண்டையும் பிரித்துணர்ந்தால் அச்சத்திற்கு இடமில்லை.

பெட்டியை நிரப்பவும் வழியுண்டு. பள்ளிக்கல்வித் துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்திற்கென, நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாக வகுத்த சிறு நூல்கள் உள்ளன. கிளை நூலகங்களும் உள. 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்தும் நாம், அந்நூல்களைக் கேட்டுப் பெறக் கூசவேண்டுவதில்லை. அச்சட்டத்திற்குப் பெரிதும் பாடுபட்ட எஸ். ஆர். அரங்கநாதன் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்றவர். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பதும் ஒன்று. வாசகன் பத்து வயதினனாயினும் விதி அதுவே.

கூட்டம் நடத்தப் பெரும்பொருள் வேண்டா. வெயிலேறுமுன் காலை 7 முதல் 9 மணி வரை போதும். 20 சிறுவர்க்கு 60 புத்தகங்கள் இருப்பின் அவை கைம்மாறி வரும். முதலில் ஒருவர் உரக்கப் படித்தல், பின்பு தனித்தனியே வாசித்தல், இறுதியில் விரும்பினோர் கதை கூறுதல் என்பன போதுமான முறை. வீட்டிற்குப் புத்தகம் கொடுத்தனுப்புதல் இன்றியமையாதது. கிழிந்து வந்தால் பசை தடவி ஒட்டிக்கொள்ளலாம். பெட்டியிற் பூட்டிய நூல் கிழியாது, ஆனால் எவரும் படியார். விடுமுறையின் கடைசி நாளிற் சிறுவரை அருகிலுள்ள நூலகத்திற்கு அழைத்துச் சென்று உறுப்பினராக்கிவிடுக. அன்றேல் நம் முயற்சி ஜூன் மாதத்தோடு மடியும்.

இம்மண் இதற்குப் புதியதன்று. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922-ஆம் ஆண்டிற் பிறந்தது இராயவரத்தில். ஆசிரியத் தம்பதியரான பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதி கிருஷ்ணமூர்த்தியும் சிறுகச் சிறுகச் சேர்த்த நூல்கள் ஓரிலக்கத்தைக் கடந்து, திருக்கோகர்ணத்தில் ஞானாலயாவாக விளங்குகின்றன. பிள்ளைகட்கு எழுதியவரும், பிறர்க்காகச் சேர்த்தவரும் இங்கிருந்தனர். உடனமர்ந்து படிப்போரே வேண்டும்.

விடுமுறை வேதாகமப் பள்ளிகளிற் பத்து நாட்கள் பிள்ளைகளைக் கூட்டிப் பாடவும் மகிழவும் செய்த பழக்கம் நம் மாணவர் பலர்க்கு உண்டு. அப்பழக்கமும், ஒரு பெட்டி நூல்களும், பொறுமையும் போதும். பழைய மாணவர் நூல்களை அளிப்பாராக. ஆசிரியர் அவற்றைத் தெரிந்து உதவுவாராக. மாணவர் வரும் கோடையில் தத்தம் ஊரில் ஒரு மரத்தடியைத் தேடிக்கொள்வாராக. அங்கே எழுத்துக்கூட்டும் சிறுவன் எவனேனும் மூன்றாம் நாள் வரவில்லையெனின், அவன் வீடு வரை நடந்து செல்ல மறவாதிருப்பாராக.