'ஸ்டார் ட்ரெக்' டெலிபோர்ட்டேஷன்: மறுமுனையில் வந்து நிற்பது யாரு?

மேடையில் ஏறி நின்றால் போதும். உடம்பு மினுமினுத்துக் கரையும். சில நொடிகளில் வேறொரு கிரகத்தில் ஆள் நிற்பார். 1966-ல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் 'டிரான்ஸ்போர்ட்டர்' இது. இத்தனைக்கும் அறிவியலை யோசித்துக் கொண்டுவந்த கருவி இல்லை. வாராவாரம் விண்கலம் தரையிறங்குவதைப் படமாக்க பட்ஜெட் இடம் கொடுக்கல, அவ்வளவுதான்.

சரி, நிஜத்தில் நடக்குமா? ஆளை ஆற்றலாக மாற்றி அனுப்புவதாகத் தொடர் சொல்கிறது. 70 கிலோ ஆளை முழுசா ஆற்றலாக்கினால், ஐன்ஸ்டைன் சமன்பாட்டின்படி அது சுமார் ஒரு லட்சம் ஹிரோஷிமா குண்டுகளுக்குச் சமம். போதாததற்கு, ஒரு துகளின் இடத்தையும் உந்தத்தையும் ஒரே நேரத்தில் துல்லியமாக அளக்க முடியாது என்கிறார் ஹைசன்பெர்க். அதைச் சமாளிக்க எழுத்தாளர்கள் சேர்த்ததுதான் 'ஹைசன்பெர்க் காம்பென்சேட்டர்'. அது எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டதற்கு, தொடரின் தொழில்நுட்ப ஆலோசகர் மைக்கேல் ஒகுடா 'ரொம்ப நல்லாவே' என்கிற பாணியில் பதில் சொல்லி முடித்துக்கொண்டார். நேர்மையான பதில்!

'ஆனா டெலிபோர்ட்டேஷன் சாதனைன்னு அடிக்கடி செய்தி வருதே?' வருது. 1997-ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் ஆன்டன் ஸைலிங்கர் குழு ஒளித்துகளில் இதைச் செய்து காட்டியது. 2017-ல் சீன விஞ்ஞானிகள் தரையிலிருந்து 'மீசியஸ்' செயற்கைக்கோளுக்கு, 1,400 கி.மீ. தூரம் வரை செய்தார்கள். ஆனால் பொருள் எதுவும் தாவவில்லை. ஒரு துகளின் குவாண்டம் நிலை, மறுமுனையில் இருக்கும் இன்னொரு துகளுக்குப் போனது. அதற்கும் சாதாரண வழியில் ஒரு தகவல் போய்ச் சேர வேண்டும். அதனால் ஒளியை முந்தவும் முடியாது. இதற்கு 'ஸ்டார் ட்ரெக் நிஜமானது' எனத் தலைப்பு போட்டால் க்ளிக் கிடைக்கும், வாசகருக்கு ஏமாற்றம்தான் கிடைக்கும்.

உண்மையான சிக்கல் வேறு. 1993-ல் வந்த 'செகண்ட் சான்சஸ்' எபிசோடில், டிரான்ஸ்போர்ட்டர் கோளாறால் ரைக்கர் இரண்டு பேராகிறார். ஒருவர் கப்பலுக்குத் திரும்ப, இன்னொருவர் எட்டு வருஷம் ஒரு கிரகத்தில் தனியாக மாட்டிக்கொள்கிறார். இருவருமே அசல்! குவாண்டம் இயற்பியலில் இதற்கு இடமில்லை. ஒரு நிலையை அப்படியே நகலெடுக்க முடியாது என்று 1982-லேயே நிறுவிவிட்டார்கள். மறுமுனையில் கிடைக்க வேண்டுமானால், இந்தப் பக்கம் இருந்தது அழிந்தே ஆகணும்.

அப்படின்னா மேடையில் ஏறியவர் என்ன ஆனார்? அதே நினைவுகளோடு வேறொருவர் இறங்கினால், வீட்டில் இருப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. ஏறியவருக்கு? முதல் தொடரிலிருந்தே டிரான்ஸ்போர்ட்டர் என்றாலே டாக்டர் மெக்காய் புலம்புவார். அப்போது அவர் பழங்காலத்து ஆள் மாதிரி தெரிந்தார். இப்போ யோசிச்சா, அந்தக் கப்பலிலேயே சரியாக பயந்தவர் அவர்தான்.