பத்துக்கு எட்டுப் பொருத்தம்

பதின்ம வயசுக்காரங்களுக்குன்னு எழுதற அறிவியல் புனைகதைகள்ல ஒரு தனி ரகம் இருக்கு. எதிர்காலத்துல ஒரு இயந்திரம் உனக்குன்னே பொறந்த ஜோடியைக் கண்டுபிடிச்சுக் குடுத்துடும். நாயகிக்கு மனசு வேற பக்கம் போகும். 2010ல அமெரிக்காவுல ஆலி காண்டி எழுதின 'மேட்ச்ட்' இந்த ரகத்துல நல்லா ஓடின புத்தகம். 17 வயசு காஸியாவுக்கு விருந்து வச்சு, திரையில ஸாண்டர்ங்கற பையனோட முகத்தைக் காட்டறாங்க. சின்ன வயசுலேர்ந்து தெரிஞ்சவன். வீட்டுக்கு வந்து தகவல் அட்டையைப் போட்டுப் பார்த்தா ஒரு நொடி வேற முகம் வந்து மறையுது. அவன் பேரு கை. (சிரிக்காதீங்க, பேரே அதான்.)

'கல்யாணத்தைக்கூட கம்ப்யூட்டர் முடிவு பண்ணுதே!'ன்னு நாம பதறணும்ங்கறது ஆசிரியர் எதிர்பார்ப்பு. மணிமங்கலத்துல (ஆமா, சிவகாமியின் சபதத்துல சண்டை நடக்கற அதே ஊர்தான்) வாடகை வீட்டுல உட்கார்ந்து படிச்ச எனக்குப் பதட்டமே வரலை. நம்ம வீட்ல இது எப்பவோ வந்தாச்சேன்னு தான் தோணுச்சு.

பொருத்தம் பார்க்கறதை ப்ரோக்ராமர் கண்ணால பாருங்க. பெண் நட்சத்திரத்துலேர்ந்து ஆண் நட்சத்திரம் வரைக்கும் எண்ணி 9ஆல வகுத்து, மீதி 2, 4, 6, 8, 0 வந்தா தினப் பொருத்தம். ரஜ்ஜுக்கு 27 நட்சத்திரத்தையும் அஞ்சு கூட்டமாப் பிரிச்சு வச்சிருக்காங்க. ரெண்டு பேரும் ஒரே கூட்டம்னா ஜாதகத்தை மூடி வச்சிட வேண்டியதுதான். 27க்கு 27ன்னு 729 கட்டம் போட்ட ஒரு அட்டவணை, அவ்வளவுதான் மேட்டர். ஒரு சாயங்காலத்துல கோட் எழுதிடலாம்.

ஆனா அந்த 729 கட்டத்துக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே ஒரு வடிகட்டி இருக்கு பாருங்க, ஜாதி. கல்யாணத் தளங்கள்ல பேரு, வயசோட சேர்த்து அதையும் கேட்கறாங்க. அதைத் தாண்டினவங்களுக்குத்தான் கிரகம், நட்சத்திரம் எல்லாம்.

'மேட்ச்ட்'ல எனக்கு ஊர் ஞாபகம் வந்த இடம் ஒண்ணே ஒண்ணு. கை ஏன் ஜோடிப் பட்டியல்லயே இருக்கக் கூடாதாம்? அவன் அப்பா செஞ்ச தப்புக்காக அவனுக்கும் 'பிறழ்வு'ன்னு முத்திரை குத்திட்டாங்க. கதைக்கு உயிரே அந்த முத்திரைதான். ஆசிரியரோ சட்டுனு முத்தத்துக்குப் போயிடறாங்க.

நாம அப்படிப் போயிட முடியாது. 2016 மார்ச்ல உடுமலைப்பேட்டைல பட்டப்பகல்ல வெட்டிக் கொன்னது ஒரு பொறியியல் மாணவரை. 2025 ஜூலைல பாளையங்கோட்டைல கொல்லப்பட்டவர் என்னை மாதிரியே சாஃப்ட்வேர் வேலை பார்த்தவர், ஏறக்குறைய என் வயசு. ரெண்டு பேரும் தலித். ரெண்டுலயும் காரணம் காதல்.

அதனாலதான் சொல்றேன், இந்தக் கதையைத் தமிழ்ல எழுதறவங்க இயந்திரத்தை வில்லனாக்க வேணாம். ஜாதியே தெரியாத ஒரு இயந்திரத்தை உள்ள விடுங்க. அது ஜோடின்னு ரெண்டு பேரைக் காட்டட்டும். பெத்தவங்க என்ன செய்வாங்க? மெஷின்ல ரிப்பேர்னு சொல்லுவாங்க. காசு குடுத்து அந்த வடிகட்டியை உள்ள போடச் சொல்லுவாங்க. போட்டுக் குடுக்கறவன் நம்மள்ல ஒருத்தனாத்தான் இருப்பான், சம்பளத்துக்கு.

சுஜாதா 'என் இனிய இயந்திரா'ல பிள்ளை பெத்துக்கவே அரசாங்க அனுமதி வேணும்ங்கற உலகத்தைக் காட்டினார். அதுக்கப்புறம் நாம ரோபோ, காலப் பயணம்னு போயிட்டோம், கல்யாணத்துப் பக்கம் வரவேயில்லை.

நாயகிக்கு எங்கயும் தேட வேணாம், இங்கயே பக்கத்துல இருக்கா. வல்லம் வடகால் சிப்காட்ல 18,720 பெண்கள் தங்கற விடுதியை 2024 ஆகஸ்ட்ல திறந்தாங்க. பத்தொன்பது, இருபது வயசுப் பொண்ணுங்க வண்டி வண்டியாப் போய் செல்போன் பூட்டறாங்க. அதே வருஷம் ஜூன்ல, ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைல கல்யாணமான பெண்களை அசெம்பிளி வேலைக்கு எடுக்கறதில்லைன்னு ராய்ட்டர்ஸ் எழுதுச்சு. பாகுபாடு காட்டலைன்னு கம்பெனி மறுத்துச்சு. யோசிச்சுப் பாருங்க, ஜோடி சொல்ற செயலி ஓடப்போற போனைப் பூட்டறவ அவ. ஜோடி வந்தா வேலை போயிடுமோன்னு பயம், வராட்டி வீட்ல திட்டு, தப்பான ஜாதில வந்தா உயிருக்கே ஆபத்து.

விடுதி மொட்டை மாடில அவ அந்தச் செயலியை முதல் தடவை திறக்கறா. முதல் அத்தியாயம் அங்க ஆரம்பிக்கட்டும். யாராச்சும் எழுதுங்கப்பா, எனக்குக் கதை வராது :-)