பேச்சாளரைக் கேட்டுத் தேர்வோம்

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினத்தில் பள்ளி ஆண்டு விழாவுக்கோ, மாங்கூழ் ஆலையில் பாதுகாப்பு வாரத்துக்கோ, விவசாயிகள் கூட்டத்துக்கோ பேச்சாளர் தேவைப்பட்டால் பெரும்பாலும் ஒரு யூடியூப் காணொளிதான் முடிவு செய்கிறது. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். குரல் கணீரென்று இருக்கிறது, கைதட்டலும் கேட்கிறது. உடனே தேதி கேட்டுவிடுகிறோம். 'எங்கள் பிள்ளைகளிடம் என்ன பேசப் போகிறீர்கள்?' என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டால் அவமரியாதை என்று தயங்குகிறோம்.

அந்தத் தயக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் பார்த்தோம். 2024 ஆகஸ்ட் இறுதியில் தன்னம்பிக்கை உரைக்கென்று அழைக்கப்பட்டவர், உடற்குறைகளுக்கு முற்பிறவிப் பாவமே காரணம் என்ற பொருளில் மாணவிகளிடம் பேசினார். அந்த இடத்திலேயே எழுந்து மறுத்தவர் பார்வை மாற்றுத்திறனாளியான ஓர் ஆசிரியர். பேச்சாளர் கைது, தலைமையாசிரியர் இடமாற்றம், பள்ளி நிகழ்ச்சிகளுக்கு நெறிமுறை வகுக்கும் அறிவிப்பு எல்லாம் பின்னால் வந்தவை. பேச்சாளரை முன்கூட்டியே அரை மணி நேரம் உட்காரவைத்துக் கேட்டிருந்தால் அந்த மாணவிகள் அந்தச் சொற்களைக் கேட்க நேர்ந்திருக்காது.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கென்று ஒரு பேச்சாளர் குழு வேண்டும் என்பது என் கருத்து. பள்ளிகளும் ஆலைகளும் ஊராட்சிகளும் அதிலிருந்து பேச்சாளர்களை அழைத்துக்கொள்ளலாம். ஆனால் யாராக இருந்தாலும் நேரில் பேசிக் காட்டி, மதிப்பிடப்பட்ட பிறகே பட்டியலில் சேர வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டனில் 1868-லேயே ஜேம்ஸ் ரெட்பாத் ஊர் ஊராகப் பேச்சாளர்களை அனுப்ப ஓர் அலுவலகம் தொடங்கினார். மார்க் ட்வெயின் அதன் வழியாக மேடை ஏறியவர்.

பேச்சாளரை விசாரித்துத் தேர்வது நம் ஊருக்குப் புதிதல்ல. கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து. பல நாள் நடக்கும் அந்தப் பிரசங்கத்துக்கு ஆள் தேடும்போது விழாக் குழுவினர் விளம்பரத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்து ஊர் விழாவில் அவர் பாரதம் படித்ததைக் கேட்டவர்கள் சொல்ல வேண்டும். உச்சி வெயிலில் கூட்டம் கலையாமல் இருந்ததா, பாட்டிமார் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்களா என்று விசாரிப்பார்கள். இதைவிடக் கண்டிப்பான நேர்காணலை நான் அறியேன். கோயிலுக்கு இவ்வளவு பார்க்கிற நாம் பள்ளிக்கூடத்துக்கு அதில் பாதியாவது பார்க்க வேண்டாமா?

பேச்சை மதிப்பிடுவது என்றதும் நமக்குப் பேச்சுப்போட்டிதான் நினைவுக்கு வருகிறது. தலைவர்களின் பிறந்தநாளையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் நடத்தும் போட்டிகளில் முதல் பரிசு 5,000 ரூபாய், அடுத்தவை 3,000, 2,000. கிராமத்துப் பிள்ளைகளை மேடைக்குக் கொண்டுவருவதில் இவற்றின் பங்கு பெரிது. 2024-ல் தி.மு.க. இளைஞரணியும் கட்சிக்கு இளம் பேச்சாளர்களைத் தேட 'என் உயிரினும் மேலான' என்ற போட்டியை நடத்தியது. போட்டியில்லாமல் மதிப்பிடும் முறையும் உண்டு. 1924-ல் கலிபோர்னியாவில் பிறந்த டோஸ்ட்மாஸ்டர்ஸ் பேச்சுப் பயிற்சி மன்றங்களில் ஒருவர் கடிகாரம் பார்க்கிறார், ஒருவர் 'ஆ', 'ம்' என்ற இழுவைகளை எண்ணுகிறார், ஒருவர் பேசியவரின் முகத்துக்கு நேரே நிறைகுறை சொல்கிறார். இந்த மூன்றாமவர் நமக்குக் கட்டாயம் தேவை. தமிழ் மேடையில் பேசி இறங்கியவருக்கு 'அருமை' என்பதைத் தவிர வேறு எதுவும் கிடைப்பதில்லை. அதனால் இருபது ஆண்டுகளாக ஒரே பேச்சைப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் போட்டிக்கு ஓர் எல்லை உண்டு. நடுவர்கள் முன் ஐந்து நிமிடத்தில் மனப்பாடத்தையும் குரலையும் அளந்துவிடலாம். பேசியது உண்மையா, கேட்டவருக்குப் பயன்பட்டதா என்பதை அளக்க முடியாது. அதற்குக் கேள்விதான் வழி. கல்லூரிகளில் தமிழ் இணையக் கல்விக்கழகம் நடத்தும் 'மாபெரும் தமிழ்க் கனவு' நிகழ்ச்சியில் நல்ல கேள்வி கேட்கும் மாணவரை மேடையிலேயே பாராட்டுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. பேச்சாளர் தேர்விலும் பாதி நேரத்தைக் கேள்விக்கு ஒதுக்க வேண்டும்.

மாம்பழத்தையே எடுத்துக்கொள்வோம். மதிப்புக்கூட்டல் பற்றிப் பேச ஒருவர் வருகிறார். 2025 பருவத்தில் பெங்களூரா ரக மாம்பழத்தின் விலை படுத்துவிட்டது. பக்கத்துச் சித்தூர் மாவட்டம் வெளிமாநில பெங்களூராவை உள்ளே விடவில்லை. 'கூழ் ஆலை எடுக்காவிட்டால் தோப்பிலேயே அழுகுகிற காயை நான் என்ன செய்ய?' என்று ஒரு விவசாயி கேட்டால் வந்தவரிடம் பதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் 'தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்' என்று சொல்லும் நேர்மையாவது இருக்க வேண்டும். வேறொரு கதைக்குத் தாவி கைதட்டல் வாங்குகிறவரை அங்கேயே நிறுத்திவிடலாம்.

மொழியும் ஒரு சோதனை. வீட்டில் தெலுங்கு, கன்னடம், உருது பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் நிறைய. ஓசூர் சிப்காட் ஆலைகளில் வடமாநிலத் தொழிலாளர்களும் கலந்து நிற்கிறார்கள். அடுக்குமொழி இவர்களிடம் செல்லாது. இயந்திரத்தில் கை சிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதைச் சின்ன வாக்கியங்களில், செய்து காட்டிச் சொல்லத் தெரிந்தவரே அங்கே நல்ல பேச்சாளர். அவர் பெரும்பாலும் அதே ஆலையில் பல வருடம் வேலை பார்த்த ஃபோர்மேனாக இருப்பார். அவரை யாரும் பேச்சாளர் என்று நினைப்பதே இல்லை.

ஆகவே மதிப்பிட உட்காருகிறவர்களில் ஓய்வுபெற்ற அதிகாரியும் தமிழாசிரியரும் இருக்கட்டும். ஒரு விவசாயியும், ஆலைத் தொழிலாளி ஒருவரும், பிளஸ் ஒன் மாணவி ஒருத்தியும் சம மதிப்பெண் உரிமையோடு இருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துக் கேட்டவர்களிடம் 'என்ன நினைவிருக்கிறது?' என்று விசாரித்து அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பேசிக் காட்ட வருகிறவர்களுக்குப் பஸ் செலவு கொடுக்க வேண்டும். பெண்களுக்கு இருட்டுவதற்குள் வீடு திரும்பும்படி நேரம் ஒதுக்க வேண்டும். மாலைக் கூட்டங்களே வழக்கமானதால் ஒதுங்கிப்போன ஆசிரியைகளையும் செவிலியர்களையும் எனக்குத் தெரியும். தேறாதவருக்குக் காரணத்தை எழுதிக் கொடுத்து, மறுபடி வர வாய்ப்பும் தர வேண்டும்.

தேர்ச்சியும் தலைப்புக்கு மட்டுமே. சாலைப் பாதுகாப்பில் தேறியவர் குழந்தை வளர்ப்பு பற்றிப் பேச மறுபடி வந்து பேசிக் காட்டட்டும். மார்ச் 4-ல் தேசியப் பாதுகாப்பு வாரம் தொடங்கும். ஆலைகள் பிப்ரவரியிலேயே பேச்சாளர் தேட ஆரம்பித்துவிடும். முதல் தேர்வை ஜனவரியில் காவேரிப்பட்டினத்து அரசுப் பள்ளி ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊர்மக்கள் முன்னிலையில் வைக்கலாம்.