அச்சத்திற் பிறக்கும் அமைதி

உயர்தர வகுப்பு மாணவர் சிலர் அண்மையில் எம்முடன் வாதிட்டனர். யப்பானியச் சித்திரத் தொடரொன்றில் வரும் கொடியவன் கூறுவதே நியாயம் என்றும், அவனை வெல்லும் கதாநாயகனிடம் அதற்கு மறுமொழி இல்லையென்றும் அவர்கள் சாதித்தனர். சித்திரப்படம் சிறுபிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று கூறி அவர்களை அனுப்பிவிட எமக்கு மனம் வரவில்லை. உலகெங்கும் எண்ணற்ற இளைஞர் பார்த்து, நியாய அநியாயங்களைப் பற்றி விவாதிக்கும் ஒரு கதை, இலக்கிய ஆராய்ச்சிக்குப் புறம்பானதாக இருக்க முடியாது.

அக்கதை மசாஷி கிஷிமொட்டோ 1999 முதல் 2014 வரை வார இதழொன்றில் வரைந்து, 700 அத்தியாயங்களில் நிறைவுசெய்த ‘நருட்டோ’. 2002 முதல் 2017 வரை அது தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. கொடியவனின் இயற்பெயர் நகட்டோ. அவன் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயரோ ‘பெயின்’. வேதனை என்பது அதன் பொருள்.

வேதனை அவனுக்கு எங்கிருந்து வந்தது? பெரிய நாடுகளுக்கிடையே அகப்பட்ட மழைநாட்டில் அவன் பிறந்தான். வல்லரசுகள் தத்தம் பகையைத் தீர்த்துக்கொள்ள அச்சிறிய நாட்டின் மண்ணையே களமாக்கின. உணவு தேடி வீட்டினுட் புகுந்த கொனோஹாப் போர்வீரர் அவனுடைய பெற்றோரைக் கொன்றனர். அநாதையான அவனும் யாஹிக்கோ, கொனான் என்னும் தோழர் இருவரும் அமைதியை நாடி ஓர் இயக்கங் கண்டனர். ‘விடியல்’ எனப் பொருள்படும் ‘அகட்சுக்கி’ என்பது அதன் பெயர். மழைநாட்டை ஆண்ட ஹன்சோவும் கொனோஹாவின் அதிகாரி டன்சோவும் கூட்டுச் சேர்ந்து அவர்களைச் சதியில் வீழ்த்தினர். தோழர்களைக் காக்கும் பொருட்டு யாஹிக்கோ நகட்டோவின் கைவாளில் தானே பாய்ந்து மாண்டான். அன்றோடு இயக்கத்தின் பெயர் எஞ்சியது, நோக்கம் மாண்டது.

கொடியவனுக்கு இத்தகையதொரு வரலாற்றை வழங்கியமைக்காகக் கிஷிமொட்டோவைப் பாராட்டவே வேண்டும். பிறவிக் கொடுமையென்று அவர் கதையை முடித்துவிடவில்லை. வல்லரசின் குடிகள் அனுபவிக்கும் அமைதி சிற்றரசின் குடிகள் செலுத்திய விலை என்பதையும், வலியவன் செய்யும் பழிவாங்கல் நீதியென்றும் எளியவன் செய்யும் பழிவாங்கல் பயங்கரமென்றும் பெயர் பெறுவதையும் நகட்டோ எடுத்துரைக்கிறான். இதுவரை அவன் கூற்றில் நாம் மறுப்பதற்கு எதுவுமில்லை. எம் மாணவர் கவரப்பட்டதும் இவ்விடத்திலேதான்.

ஆனால், நோயைச் சரியாகக் கூறியவன் மருந்தையுஞ் சரியாகக் கூறினான் என்று கொள்வது பெருந் தவறு. அவன் கூறும் மருந்து யாது? ஒரு நாட்டையே கணத்தில் அழிக்கவல்ல பேராயுதம். அதனை ஒருமுறை பிரயோகித்தால் உலகம் வேதனையை அறியும்; அவ்வச்சத்தினாற் சிறிது காலம் போர் ஓயும்; நினைவு மங்கியதும் மக்கள் மீண்டும் அதனை ஏந்துவர்; மீண்டும் அஞ்சுவர்.

இது புரட்சியாளனின் தத்துவமா? ஒருபோதும் அன்று. இது வல்லரசுகளின் தத்துவம். அச்சமே அமைதியைக் காக்கும் என்று சித்திரத்திற் சொல்பவன் கொடியவன். அதையே தலைநகரங்களில் அமர்ந்து சொல்பவர் பாதுகாப்பு நிபுணர்! இன்று ஒன்பது நாடுகள் ஏறக்குறைய 12,000 அணுக்குண்டுகளை வைத்துக்கொண்டு இதே வேதத்தை ஓதுகின்றன. தன்னை ஒடுக்கியவர்களின் சித்தாந்தத்தையே நகட்டோ தன் கண்டுபிடிப்பென்று நம்பினான். அவனுடைய உண்மையான தோல்வி அதுவே.

அவன் மக்களை நம்பவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. மழைநாட்டு மக்கள் அவனைத் தேவனாக வணங்கினர். அவனோடு சேர்ந்து எதையும் தீர்மானிக்கவில்லை. அவன் போருக்கு அனுப்பியவை தன் சித்தத்தினால் இயங்கும் ஆறு பிணங்கள். அவற்றுள் ஒன்று யாஹிக்கோவின் உடல். இயக்கமாக நின்ற தோழன் இறுதியிற் கருவியானான்.

இனி ஆசிரியர் தரும் தீர்வைப் பார்ப்போம். கொனோஹாவைத் தரைமட்டமாக்கிய நகட்டோ நருட்டோவுடன் உரையாடுகிறான், மனம் மாறுகிறான், தன் உயிரைக் கொடுத்து, தான் கொன்றவர்களை எழுப்புகிறான், மடிகிறான். அவன் எழுப்பிய கேள்வியும் உடன் புதைக்கப்படுகிறது. சதி செய்த டன்சோவோ அந்த அழிவின் பின்னரே கொனோஹாவின் தலைமைக்கு உயர்த்தப்படுகிறான். பின்னர் அவன் கொல்லப்படுவதும் வேறொரு பகையினால். மழைநாட்டிற்கு இழைத்த அநீதிக்காக அன்று. அடுத்து ஐந்து பெருநாடுகளின் தலைவர்கள் மாநாடு கூடுகின்றனர். மழைநாட்டிற்கு அங்கே ஆசனமில்லை. ஒடுக்கப்பட்டவன் மன்னிக்க வேண்டும், ஒடுக்கியவன் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்றால் அதன் பெயர் சமாதானமா?

கதை கதைதானே, அதில் அரசியலைத் தேடலாமா எனச் சிலர் கேட்பர். போரையும் வல்லரசையும் ஆசிரியரே கதைப்பொருளாக்கிய பின்னர் அவற்றைப் பற்றிக் கேட்பது எமது உரிமை மட்டுமன்று, கடமையுமாகும்.

நகட்டோவுக்குரிய மறுமொழி அவனைப் படைத்த நாட்டிலேயே இருக்கிறது. 1945 ஆகஸ்ட் 6இல் ஹிரோஷிமாவிலும் 9இல் நாகசாகியிலும் வேதனையின் எல்லையைக் கண்டு உயிர் தப்பியோர், பிறரும் அதை அறியட்டும் என்று சொல்லவில்லை. இனி எவரும் அதை அறியலாகாது என்றனர். 1956இல் அவர்கள் அமைத்த நிஹோன் ஹிடான்கியோ பல தசாப்தங்களாகச் சாட்சியம் கூறியது. 2024இல் நோபெல் சமாதானப் பரிசு பெற்றது. ஆயினும், அவர்கள் வேண்டிநின்ற 2017ஆம் ஆண்டின் அணுவாயுதத் தடை ஒப்பந்தத்தில் அவர்களுடைய அரசாங்கம் கைச்சாத்திடவில்லை. அமெரிக்க அணுக்குண்டின் நிழலையே அது நம்பி நிற்கிறது. நகட்டோவின் சீடர் எங்கே இருக்கின்றனர் என்பதை இதிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

மாணவ நண்பர்களே, அவன் கேட்ட கேள்வியை விட்டுவிடாதீர்கள். எவருடைய மண்ணில் எவருடைய அமைதி கட்டப்பட்டிருக்கிறது என்று தொடர்ந்து கேளுங்கள். ஆனால், விடையை அவனிடம் தேடாதீர்கள். வேதனையை ஆயுதமாக்கியவனிடமல்ல, அதனைச் சாட்சியமாக்கி ஒன்றுபட்டு நின்ற முதியோரிடமே அதனைக் கற்றுக்கொள்ளுங்கள்.