இயங்குதளத்தின் பெயரறியாத கம்பைலர்

"கம்பைலர் கடைச்சரக்கு, இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டு வேலையைப் பார்" என்பது நம் பொறியியல் கல்லூரிகளிலும் நிறுவனங்களிலும் மந்திரம்போல் ஓதப்படும் அறிவுரை. மேசைக் கணினிக்கு நிரல் எழுதுவோருக்கு அது பொருந்தலாம். கைவிரலளவுச் சில்லுக்குள் ஒரு நிகழ்நேர இயங்குதளத்தை ஓடவிட்டு, அதை நம்பி ஒரு கருவியைக் களத்துக்கு அனுப்புவோருக்கு அது சற்றும் பொருந்தாது.

ஒரு கணினியில் இயங்கியபடி வேறொரு சில்லுக்கான இயந்திரக் குறிமுறையை ஆக்கித் தருவது கிராஸ் கம்பைலர். அதற்குச் சில்லின் கட்டளைத் தொகுதி தெரிந்தால் போதும் என்று பலரும் எண்ணுகிறார்கள். இலக்கணம் மட்டும் கற்றவன் ஓர் ஊரின் பேச்சு வழக்கை அறிந்துவிட்டான் என்று சொல்வதற்கு ஒப்பானது அது. அந்தச் சில்லின்மேல் எந்த இயங்குதளம் ஆள்கிறது, பணிகள் ஒன்றையொன்று எப்போது இடைமறிக்கும், பூட்டு எவ்வாறு இடப்படுகிறது என்பவையும் கம்பைலரோடு வரும் நூலகங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

சான்று கம்பைலரின் வாயிலேயே இருக்கிறது. ஆர்ம் சில்லுகளுக்குப் பெரும்பாலோர் இறக்கிக்கொள்ளும் ஆயத்த ஜிசிசியின் பெயர் 'ஆர்ம்-நன்-இஏபிஐ'. அதில் எந்த இயங்குதளத்தின் பெயரும் இல்லை. அதன் விவரத்தைக் கேட்டால் 'திரெட் மாடல்: சிங்கிள்' என்று ஒரு வரி அச்சாகும். ஒரே ஓர் இழைதான் ஓடப்போகிறது என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது என்பதே அதன் பொருள். இதைக் கொண்டு பத்துப் பணிகள் ஓடும் அமைப்பைக் கட்டுபவர், அந்த வரியைப் படித்ததே இல்லை.

விளைவு என்ன? சி++ மொழியின் 'ஷேர்டு பாயின்டர்', ஒரு நினைவகப் பகுதியை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணி வைக்கும். இழை ஒன்றே என்று நம்பும் நூலகம், அந்த எண்ணிக்கையை எவ்விதக் காப்புமின்றிப் படித்து, கூட்டி, திரும்ப எழுதுகிறது. படித்ததற்கும் எழுதியதற்கும் இடையே பணி மாறினால் ஓர் எண்ணிக்கை தொலைந்துபோகும். ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே நினைவகம் விடுவிக்கப்பட்டுவிடும். கம்பைலர் எச்சரிக்காது, லிங்கர் முணுமுணுக்காது. ஆய்வுக்கூட மேசையில் நாள்கணக்கில் ஒழுங்காக ஓடிய கருவி, களத்தில் ஒருநாள் காரணம் தெரியாமல் நின்றுபோகும். பழி மின்சாரத்தின் மேலோ வன்பொருளின் மேலோ விழும்.

இதற்கு மாறாக ஆர்டெம்ஸ் இயங்குதளத்தைப் பார்க்கலாம். ஐரோப்பிய விண்வெளி முகமை பயன்படுத்தும் திறமூல நிகழ்நேர இயங்குதளம் அது. அதற்கான கம்பைலரின் பெயர் 'ஆர்ம்-ஆர்டெம்ஸ்6'. பதிப்பு எண்கூடப் பெயரிலேயே இருக்கிறது. திரெட் மாடல் என்னவென்று கேட்டால் 'ஆர்டெம்ஸ்' என்று விடை வரும். அதைக் கட்டும் வரிசையே ஒரு பாடம். முதலில் அசெம்பிளரும் லிங்கரும் அடங்கிய பின்யூட்டில்ஸ். பிறகு ஜிசிசியும் நியூலிப் என்னும் சி நூலகமும் சேர்த்துக் கட்டப்படும். பூட்டுக்கான வடிவம் நியூலிப்பின் தலைப்புக் கோப்பில் இருக்கிறது; ஜிசிசியின் நூலகம் அதையே எடுத்தாள்கிறது; இயங்குதளத்தின் கரு அந்தப் பூட்டைச் செயல்படுத்துகிறது. மூன்றும் ஒரே நூலால் தைக்கப்பட்டவை. ஒன்றை மட்டும் பிடுங்கிவிட்டு வேறொன்றை ஒட்டவைத்தால் தையல் பிரியத்தான் செய்யும்.

"சான்றிதழ் பெற்ற ஆயத்தக் கம்பைலர்கள் விற்பனைக்கு உள்ளன, எல்லோரும் கட்ட வேண்டுமா?" என்று கேட்கலாம். நாள்தோறும் கட்டச் சொல்லி எவரும் கேட்கவில்லை. எந்த மூலநிரல், எந்தத் திருத்தங்கள், எந்த அமைவுத் தெரிவுகள் கொண்டு தங்கள் கம்பைலர் உருவானது என்பதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே கோரிக்கை. இருபது ஆண்டுகள் உழைக்க வேண்டிய கருவிக்கு, பதினைந்தாம் ஆண்டில் ஒரு பிழை திருத்த வேண்டிவந்தால், அன்று அந்த இறக்க முகவரி உயிரோடிருக்கும் என்பதற்கு யார் பொறுப்பு?

கல்வியின் நிலை இதைவிட வருந்தத்தக்கது. கேட் தேர்வின் பாடத்திட்டத்தில் கம்பைலர் வடிவமைப்பு இருக்கிறது: சொற்பகுப்பு, தொடர்ப்பகுப்பு, இடைநிலைக் குறிமுறை, செம்மையாக்கம் எல்லாம் உண்டு. கிராஸ் கம்பைலர் இல்லை. எல்ஆர் அட்டவணையைப் பிழையின்றி நிரப்பும் மாணவர், லிங்கர் ஸ்கிரிப்டை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காமலே பட்டம் பெற முடிகிறது.

இறக்கிக்கொள்ள ஏதும் இல்லாத நிலை வரும்போதுதான் உண்மை விளங்கும். 2025 மார்ச்சில் இஸ்ரோவிடம் ஒப்படைக்கப்பட்ட விக்ரம் 3201, சண்டிகரின் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் நுட்பத்தில் உருவான 32 பிட் நுண்செயலி. அதன் கட்டளைத் தொகுதி தனித்துவமானது. ஆகவே உலகின் எந்தத் தளத்திலும் அதற்கான ஆயத்தக் கம்பைலர் கிடைக்காது. ஏடா கம்பைலர், அசெம்பிளர், லிங்கர், சிமுலேட்டர் அனைத்தையும் இஸ்ரோவே உருவாக்க வேண்டியிருந்தது. சி மொழிக்கான கம்பைலர் அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. உள்நாட்டுச் சில்லுக்குக் கைதட்டிய நாடு, அந்த லிங்கரை எழுதியவர்களைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அவர்கள் இல்லையென்றால் அந்தச் சில்லு பேசத் தெரியாத ஊமை.

இதற்கான மருந்து விலையுயர்ந்ததும் அல்ல. மூலநிரல்கள் அனைத்தும் இலவசம். வன்பொருள் பலகைகூட வேண்டாம், கியூஇஎம்யு போதும். ஒவ்வொரு கம்பைலர் ஆய்வகமும் ஒரு பருவத்தில் ஒரே ஒருமுறை, ஒரு நிகழ்நேர இயங்குதளத்துக்கான கிராஸ் கம்பைலரை மாணவர் கையால் கட்டவைக்கட்டும். அது நள்ளிரவில் உடையும். பிழைச்செய்தி பக்கம் பக்கமாக ஓடும். அந்தப் பக்கங்களைப் படித்துக் கற்றவர், அடுத்தமுறை ஒரு கம்பைலரை இறக்கும்போது அதன் பெயரையும் திரெட் மாடலையும் படித்துப் பார்க்காமல் விடமாட்டார்.